தூதரகச் சச்சரவில் தன்பாலின உரிமை: சந்தேகங்களும் விளக்கங்களும்

திருச்சி: ஐ.நா. வாக்கெடுப்பு, தூதரகக் கட்டடத்தில் ஏற்றப்படும் வானவில் கொடி, கால்பந்து வீரர் அணியும் கைப்பட்டை, மலேசியக் கடைகளில் பறிமுதலான கைக்கடிகாரம் எனத் தன்பாலின ஈர்ப்பாளர்களின் உரிமை, நாடுகளுக்கு இடையிலான சச்சரவாகத் தொடர்ந்து வெடித்து வருகிறது. திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் நகரங்களுக்கு நேரடி விமானங்கள் செல்கின்றன. அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர் வட்டாரங்களிலிருந்து டிப்ளமோ படிப்பை முடித்த இளைஞர்கள் முதல் கட்டடத் தொழிலாளர்கள் வரை இந்த வழியாக வேலைக்குப் போகிறார்கள். இங்கே குற்றம் அல்லாத ஒன்று, விமானம் இறங்கும் ஊரில் பல ஆண்டுச் சிறைக்குரிய குற்றமாக இருக்கக்கூடும். இது தொடர்பாகப் பொதுவாக எழும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும்:

தன்பாலின ஈர்ப்பு ஒருவருடைய தனிப்பட்ட விஷயம். இதில் நாடுகள் மோதிக்கொள்ள என்ன இருக்கிறது?

சட்டங்கள் எதிரெதிராக இருப்பதுதான் காரணம். ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளில் 60-க்கும் மேற்பட்டவை தன்பாலின உறவைக் குற்றமாக வைத்துள்ளன. 30-க்கும் மேற்பட்டவை தன்பாலினத் திருமணத்தையே அங்கீகரித்துள்ளன. ஒரு நாட்டில் முறைப்படி மணம் செய்த தூதர் மற்றொரு நாட்டில் பணியேற்கும்போதும், ஒரு நாட்டின் சிறைத் தண்டனையை மற்றொரு நாடு கண்டிக்கும்போதும் சச்சரவு தொடங்குகிறது. வேறு காரணத்துக்காக ஏற்கெனவே பகை இருந்தால், இந்த விஷயம் அதற்குள் இழுக்கப்படுவதும் உண்டு.

முன்பு ‘ஓரினச்சேர்க்கை’ என்றார்கள், இப்போது ‘தன்பாலின ஈர்ப்பு’ என்கிறார்கள். ஏன் இந்த மாற்றம்?

பழைய சொல் உடலுறவை மட்டும் குறிக்கிறது. புதிய சொல் மனிதரின் இயல்பைக் குறிக்கிறது. கண்ணியமான சொற்களைப் பயன்படுத்த வேண்டும் என்ற சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, தமிழக அரசு 2022 ஆகஸ்ட் 20-இல் இதற்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

இந்தியா இத்தகைய சச்சரவில் சிக்கியது உண்டா?

உண்டு. தன்பாலின உறவு குற்றமே என்று 2013 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2009 ஜூலை 2-இல் தில்லி உயர் நீதிமன்றம் அளித்திருந்த விலக்கை நீக்கியது. மறுநாளே, டிசம்பர் 12-இல், நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதரகத்தின் துணைத் தலைமை அதிகாரி தேவயானி கோப்ரகடே கைது செய்யப்பட்டார். தொடர்பே இல்லாத இந்த இரு நிகழ்வுகளும் ஒரே வாரத்தில் ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்டன.

தேவயானி மீதான குற்றச்சாட்டு என்ன?

வீட்டு வேலைக்கு இந்தியாவிலிருந்து அழைத்துச் சென்ற பெண்ணுக்கு மணிக்கு 9.75 டாலர் ஊதியம் தருவதாக விசா ஆவணத்தில் காட்டிவிட்டு, தனி ஒப்பந்தத்தில் மாதம் ரூ.30,000, அதாவது மணிக்கு சுமார் 3.31 டாலர், மட்டுமே பேசினார் என்பது அமெரிக்க அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. தேவயானி இதை மறுத்தார். 2.5 லட்சம் டாலர் பிணைத் தொகையில் அன்றே விடுவிக்கப்பட்டார். காவலில் அவரது ஆடைகளைக் களைந்து சோதனையிட்டதுதான் இந்தியாவில் கடும் கோபத்தைக் கிளப்பியது.

இந்திய அரசு என்ன எதிர்நடவடிக்கை எடுத்தது?

டிசம்பர் 17-இல் தில்லி அமெரிக்கத் தூதரகத்தின் முன்பிருந்த சாலைத் தடுப்புகள் அகற்றப்பட்டன. இந்தியாவில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரக அதிகாரிகள் தங்கள் சிறப்பு அடையாள அட்டைகளைத் திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. தூதரகத்துக்கு வரும் பொருள்களுக்கான இறக்குமதி அனுமதியும் நிறுத்தப்பட்டது. மறுநாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி, இந்தியாவின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் சிவசங்கர் மேனனிடம் தொலைபேசியில் வருத்தம் தெரிவித்தார்.

ஊதியத் தகராறுக்கும் தன்பாலின உரிமைக்கும் என்ன தொடர்பு?

முன்னாள் வெளியுறவு அமைச்சரும் அன்றைய பாஜக மூத்த தலைவருமான யஷ்வந்த் சின்ஹா அந்தத் தொடர்பை ஏற்படுத்தினார். அமெரிக்கத் தூதரக அதிகாரிகளின் தன்பாலினத் துணைவர்களுக்கு இந்தியா விசா வழங்கியுள்ளது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அத்தகைய உறவு சட்டவிரோதம். குறைந்த ஊதியம் அமெரிக்காவில் குற்றம் என்பதைப் போலவே இது இந்தியாவில் குற்றம். எனவே அவர்களைக் கைது செய்ய வேண்டும் என்று அவர் கோரினார். அரசு அந்தக் கோரிக்கையைச் செயல்படுத்தவில்லை. ஆனால், சச்சரவில் எந்தப் பங்கும் இல்லாத சிலருடைய இல்வாழ்க்கை, பதிலடிக்கான பொருளாகப் பொதுவெளியில் பேசப்பட்டது.

அவ்வாறு கைது செய்யச் சட்டத்தில் இடம் இருந்ததா?

பெரும்பாலும் இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு குறிப்பிட்ட உடலுறவுச் செயலைத்தான் குற்றமாக்கியது. இருவர் துணைவர்களாகச் சேர்ந்து வாழ்வதையோ, ஒருவர் தன்பாலின ஈர்ப்பாளராக இருப்பதையோ குற்றம் என்று சொல்லவில்லை. எனவே விசாவில் ‘துணைவர்’ என்று இருப்பதை மட்டும் வைத்து வழக்கை நிரூபிக்க முடியாது. அதற்கும் மேலாக, தூதரகத்தில் பணியாற்றும் தூதர் நிலை அதிகாரிகளை எந்தக் குற்றத்துக்காகவும் கைது செய்யக் கூடாது என்கிறது 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 29-ஆவது பிரிவு. இந்தியா 1972-இல் தனிச் சட்டம் இயற்றி இதை உள்நாட்டிலும் நடைமுறைப்படுத்தியுள்ளது.

தூதரின் துணைவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டா?

தூதருடன் ஒரே வீட்டில் வாழும் குடும்ப உறுப்பினர்களுக்கும் அது உண்டு என்று உடன்படிக்கையின் 37-ஆவது பிரிவு கூறுகிறது. அவர்கள் பணி நடக்கும் நாட்டின் குடிமக்களாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆனால் ‘குடும்பம்’ என்றால் யார் யார் என்று உடன்படிக்கை வரையறுக்கவில்லை. ஆகவே தன்பாலினத் துணைவரைக் குடும்பமாக ஏற்பதும் ஏற்காததும் ஏற்கும் நாட்டின் முடிவாகிவிடுகிறது. சச்சரவுகள் பலவற்றுக்கு இந்த ஒரு சொல்லின் தெளிவின்மையே இடம் தருகிறது.

தூதரைக் கைது செய்ய முடியாது என்றால், தேவயானி மட்டும் எப்படிக் கைதானார்?

தூதரகம் வேறு, துணைத் தூதரகம் வேறு. விசா, பாஸ்போர்ட் பணிகளைக் கவனிக்கும் துணைத் தூதரக அதிகாரிகளுக்கு 1963-ஆம் ஆண்டின் தனி உடன்படிக்கை பொருந்தும். அதன்படி அலுவல் சார்ந்த செயல்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு, கடுமையான குற்றம் என்றால் நீதித்துறை ஆணையின்பேரில் கைது செய்யலாம். வீட்டுப் பணியாளரின் ஊதியம் அலுவல் சார்ந்தது அல்ல என்பது அமெரிக்காவின் வாதம்.

அந்த வழக்கு எப்படி முடிந்தது?

தேவயானியை ஐ.நா.வுக்கான இந்திய நிரந்தரக் குழுவுக்கு இந்தியா மாற்றியதால் அவருக்கு முழு விலக்கு கிடைத்தது. 2014 ஜனவரி 10-இல் அவர் நாடு திரும்பினார். அதே நாளில், அவருக்கு இணையான நிலையில் இருந்த அமெரிக்க அதிகாரி ஒருவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளுமாறு இந்தியா கூறியது. மார்ச் 12-இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. குற்றச்சாட்டு பதிவான நாளில் அவருக்கு முழு விலக்கு இருந்தது என்பதே காரணம். மார்ச் 14-இல் அமெரிக்க அரசுத் தரப்பு மீண்டும் குற்றச்சாட்டைப் பதிவு செய்தது.

ஒரு தூதரைப் பிடிக்கவில்லை என்றால் ஏற்கும் நாடு என்னதான் செய்ய முடியும்?

‘ஏற்கத் தகாதவர்’ என்று அறிவித்து வெளியேற்றலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தலைமைத் தூதராக நியமிக்கப்படுபவரைத் தொடக்கத்திலேயே ஏற்க மறுக்கவும் செய்யலாம். 2015 ஜனவரியில் வாடிகனுக்கான தூதராக லோரான் ஸ்டெஃபானினியை பிரான்ஸ் நியமித்தபோது, அவர் தன்பாலின ஈர்ப்பாளர் என்ற செய்திகளுக்கு இடையே, வாடிகன் ஓராண்டுக்கும் மேலாகப் பதிலே அனுப்பவில்லை. 2016-இல் பிரான்ஸ் அவரை யுனெஸ்கோவுக்கு அனுப்பியது.

தூதரகத்தில் வானவில் கொடி ஏற்றுவதை ஏற்கும் நாடு தடுக்க முடியுமா?

தன் நாட்டுக் கொடியையும் சின்னத்தையும் பயன்படுத்தும் உரிமையை மட்டுமே வியன்னா உடன்படிக்கையின் 20-ஆவது பிரிவு தூதரகத்துக்குத் தருகிறது; வானவில் கொடி அதில் வராது. அதே நேரத்தில் 22-ஆவது பிரிவின்படி தூதரக வளாகத்துக்குள் அனுமதியின்றி யாரும் நுழைய முடியாது என்பதால், காவல் துறையை அனுப்பிக் கொடியை இறக்கவும் முடியாது. கண்டனம் தெரிவிப்பதுதான் மிஞ்சும் வழி. 2020 ஜூனில் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதரகம் இக்கொடியைத் தொங்கவிட்டபோது, அதிபர் புதின் வெளிப்படையாகக் கேலி செய்தார். கொடி அதனால் இறங்கவில்லை.

அமெரிக்கா எப்போதும் இந்த உரிமைகளின் பக்கம் நிற்கும் நாடா?

இல்லை, ஆட்சி மாறும்போது நிலைப்பாடும் மாறுகிறது. 2011 டிசம்பரில் ஒபாமா அரசு இதை வெளியுறவுக் கொள்கையின் ஒரு பகுதியாக்கியது. 2015 பிப்ரவரியில் இதற்கெனத் தனிச் சிறப்புத் தூதராக ராண்டி பெரி நியமிக்கப்பட்டார். 2019-இல் டிரம்ப்பின் முதல் ஆட்சி தூதரகக் கொடிக் கம்பங்களில் வானவில் கொடிக்கு அனுமதி மறுத்தது. 2025 ஜனவரியில் அவர் மீண்டும் பொறுப்பேற்றதும் அமெரிக்க தேசியக் கொடி மட்டுமே பறக்கலாம் என்று உத்தரவிடப்பட்டது. வல்லரசு ஒன்றின் ஆதரவை நம்பி நிற்கும் உரிமை எவ்வளவு எளிதில் கைவிடப்படும் என்பதற்கு இந்தக் காலவரிசையே சான்று.

ஐ.நா.வில் இந்தியா தன்பாலின உரிமைக்கு எதிராக வாக்களித்தது என்கிறார்களே, உண்மையா?

2015 மார்ச் 24-இல் ஐ.நா. பொதுச் சபையின் ஐந்தாவது குழுவில் ரஷ்யா கொண்டுவந்த தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. ஐ.நா. ஊழியர்களின் தன்பாலினத் திருமணத்தையும் சலுகைகளுக்கு ஏற்கும் வகையில் பொதுச் செயலர் பான் கி மூன் 2014-இல் விதியைத் திருத்தியிருந்தார். அதைத் திரும்பப் பெறச் செய்வதே ரஷ்யாவின் நோக்கம். தீர்மானத்துக்கு ஆதரவாக 43, எதிராக 80 வாக்குகள் விழுந்தன. 37 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. தீர்மானம் தோற்றதால் ஊழியர்களின் சலுகை நீடித்தது.

அந்த விதி சாதாரண மக்களைத் தொடுவதா?

இல்லை. ஐ.நா.வில் வேலை செய்பவர்களின் காப்பீடு, விடுப்புப் பயணம், ஓய்வூதியம் போன்றவை தொடர்பானது மட்டுமே. முன்பு ஊழியரின் சொந்த நாட்டுச் சட்டம் அவரது திருமணத்தை ஏற்கிறதா என்று பார்க்கப்பட்டது. திருத்தத்துக்குப் பின் திருமணம் நடந்த நாட்டின் சட்டம் பார்க்கப்படுகிறது.

அந்த வாக்கெடுப்பில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே பக்கமா?

ஆம். ரஷ்யாவுடன் இந்தியா, பாகிஸ்தான், சீனா, சவுதி அரேபியா, ஈரான் ஆகியவை ஒரே பக்கம் நின்றன. எல்லையிலும் எண்ணெயிலும் மதத் தலைமையிலும் ஒன்றுக்கொன்று பகைகொண்ட நாடுகள் இவை. பகை நாடுகள் எல்லாவற்றிலும் எதிரெதிராக நிற்கும் என்ற பொதுவான எண்ணம் இந்த விஷயத்தில் பொருந்துவதில்லை.

இந்தியா ஏன் அப்படி வாக்களித்தது?

உறுப்பு நாடுகளைக் கலந்தாலோசிக்காமல் பொதுச் செயலர் தாமாக விதியை மாற்றினார் என்பது இந்தியா தெரிவித்த காரணம். அப்போது 377-ஆவது பிரிவு நடைமுறையில் இருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. நடைமுறை மீதான ஆட்சேபம் என்றாலும், அந்தத் தீர்மானம் வென்றிருந்தால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் ஊழியர்களும் அவர்களது குடும்பத்தினருமே.

மற்ற வாக்கெடுப்புகளில் இந்தியாவின் நிலை என்ன?

ஜெனீவாவில் உள்ள ஐ.நா. மனித உரிமைகள் மன்றத்தில் இந்தியா பெரும்பாலும் வாக்களிக்காமல் ஒதுங்கியுள்ளது. பாலின நாட்டம் காரணமான வன்முறைக்கு எதிரான 2014 செப்டம்பர் தீர்மானம் 25-க்கு 14 என்ற கணக்கில் நிறைவேறியது. பாகிஸ்தான் எதிர்த்தது, இந்தியாவும் சீனாவும் ஒதுங்கின. இதற்கெனத் தனி வல்லுநரை நியமிக்கும் 2016 ஜூன் தீர்மானம் 23-க்கு 18 என நிறைவேறியபோது, 377-ஆவது பிரிவு குறித்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருப்பதைக் காரணம் காட்டி இந்தியா ஒதுங்கியது. அந்த வழக்கு 2018-இல் முடிந்துவிட்ட பிறகும், 2019-இல் வல்லுநரின் பதவிக் காலத்தை நீட்டிக்கும் வாக்கெடுப்பில் இந்தியாவின் நிலை மாறவில்லை.

ஐ.நா. தீர்மானம் நிறைவேறினால் இந்தியச் சட்டம் மாறிவிடுமா?

மாறாது. இந்த மன்றத்தின் தீர்மானங்கள் நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. நாடாளுமன்றமோ நீதிமன்றமோ முடிவெடுத்தால்தான் உள்நாட்டில் மாற்றம் வரும்.

அப்படியானால் 377-ஆவது பிரிவு நீங்கியது வெளிநாட்டு நெருக்கடியாலா?

இல்லை. தில்லியைச் சேர்ந்த நாஸ் அறக்கட்டளை 2001-இல் தொடுத்த வழக்கிலிருந்து, நடனக் கலைஞர் நவ்தேஜ் சிங் ஜோஹர் உள்ளிட்டோரின் வழக்கு வரை, 17 ஆண்டுகள் இந்தியக் குடிமக்கள் இந்திய நீதிமன்றங்களில் நடத்திய போராட்டம் அது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-இல் அளித்த தீர்ப்பு வழியைத் திறந்தது. 2018 செப்டம்பர் 6-இல் 5 நீதிபதிகளும் ஒருமனதாக, வயது வந்தோர் இசைந்து கொள்ளும் தன்பாலின உறவு குற்றம் அல்ல என்று தீர்ப்பளித்தனர். மத்திய அரசு இதில் முடிவை நீதிமன்றத்திடமே விட்டிருந்தது.

தன்பாலின உரிமை மேற்கத்திய இறக்குமதி என்ற வாதம் சரியா?

வரலாறு மறுபக்கத்தைக் காட்டுகிறது: இறக்குமதியானது தண்டனைச் சட்டம்தான். மெக்காலே தலைமையில் தொடங்கிய வரைவின்படி 1860-இல் பிரிட்டிஷ் அரசு இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில்தான் 377-ஆவது பிரிவு வந்தது. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை ஆகியவற்றுக்கும் இதே வார்ப்பு சென்றது. இத்தகைய சட்டங்களைப் பரப்பியதற்காக 2018 ஏப்ரலில் லண்டன் காமன்வெல்த் மாநாட்டையொட்டி பிரிட்டன் பிரதமர் தெரசா மே வருத்தம் தெரிவித்தார்.

இந்தியாவில் இப்போது சட்டநிலை என்ன? தன்பாலினத் திருமணம் செல்லுமா?

உறவு குற்றம் அல்ல. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377-ஆவது பிரிவே இடம்பெறவில்லை. திருமணம் சட்டப்படி செல்லாது: 2023 அக்டோபர் 17-இல் உச்ச நீதிமன்றம் அதற்கான உரிமையை வழங்க மறுத்தது, மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. எனினும், திருமணம் இல்லாமலும் தாங்களே தேர்ந்தெடுத்த குடும்பமாக இணைந்து வாழலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியுள்ளது.

இத்தகைய சட்டத்துக்காக ஒரு நாட்டின் மீது பொருளாதார நடவடிக்கை எடுக்கப்பட்டதுண்டா?

உகாண்டா முக்கிய உதாரணம். சில சூழல்களில் மரண தண்டனை வரை வழிசெய்யும் சட்டத்தில் 2023 மே மாதம் அந்நாட்டு அதிபர் கையெழுத்திட்டார்; ஆகஸ்ட் 8-இல் உலக வங்கி புதிய கடன்களை நிறுத்தியது, 2024 ஜனவரி 1 முதல் அமெரிக்கா தனது வரிச் சலுகைத் திட்டத்திலிருந்து உகாண்டாவை நீக்கியது. 2025-இல் உலக வங்கி கடனை மீண்டும் தொடங்கியது, சட்டமோ நீடிக்கிறது. கடன் நின்ற காலத்தில் பாதிப்பு அந்நாட்டு ஏழைகளுக்கும் சேர்த்துத்தான்.

வெளிநாட்டுத் தூதர்கள் இதுபற்றிக் கருத்துச் சொன்னால் என்ன நடக்கும்?

நாட்டுக்கு நாடு வேறுபடும். 2021 மே மாதம் அமெரிக்கத் தூதரகம் உள்ளூர் அமைப்புடன் இணையவழிக் கருத்தரங்கு நடத்தியபோது, உள்நாட்டு விவகாரங்களில் தலையிட வேண்டாம் என்று சிங்கப்பூர் நினைவூட்டியதோடு நின்றது. 2022 ஜூனில் தூதரகத்தின் சமூக வலைதளப் பதிவுக்காக அமெரிக்கத் தூதரகப் பொறுப்பாளரை குவைத் அழைத்துக் கண்டித்தது. இரு ஆண்களுக்கு விதிக்கப்பட்ட 15 ஆண்டுச் சிறையை விமர்சித்த அமெரிக்கத் தூதர் டேனியல் ஃபுட், ஜாம்பியா அதிபரின் எதிர்ப்பால் 2019 டிசம்பரில் அந்நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது.

கத்தார் உலகக் கோப்பையில் கைப்பட்டைக்கு ஏன் அவ்வளவு தகராறு?

2022-இல் ஐரோப்பிய அணித் தலைவர்கள் சிலர் பாகுபாட்டுக்கு எதிரான ‘ஒன்லவ்’ கைப்பட்டை அணியத் திட்டமிட்டனர். அணிந்தால் மஞ்சள் அட்டை என்று ஃபிஃபா எச்சரித்ததும் நவம்பர் 21-இல் 7 நாடுகள் பின்வாங்கின. போட்டிக்கு முன்பே, கத்தாரின் மனித உரிமை நிலை பற்றி ஜெர்மனி உள்துறை அமைச்சர் நான்சி ஃபேசர் பேசியதற்காக ஜெர்மனித் தூதரை கத்தார் அழைத்து விளக்கம் கேட்டிருந்தது. அதே ஃபேசர், ஜெர்மனி ஆடிய முதல் போட்டியைப் பார்வையாளர் மாடத்தில் அந்தக் கைப்பட்டையுடன் அமர்ந்து பார்த்தார்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அறிய வேண்டியது என்ன?

ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை 2022 நவம்பர் 29-இல் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நீக்கியது. 2023 ஜனவரி 3 முதல் அது இல்லை. ஆனால் ஹாங் லிம் பூங்காவில் தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு ஆதரவாக ஆண்டுதோறும் நடக்கும் ‘பிங்க் டாட்’ கூட்டத்தில் 2017 முதல் அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே பங்கேற்கலாம். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் வேடிக்கை பார்க்கச் சென்றாலும் விதிமீறல் ஆகும்.

மலேசியாவில்?

இசைவுடன் நடந்தாலும் 20 ஆண்டுகள் வரை சிறையும் பிரம்படியும் விதிக்கத் தண்டனைச் சட்டத்தில் இடம் உள்ளது. 2023 மே மாதம் கடைகளிலிருந்து வானவில் நிறக் கைக்கடிகாரங்கள் 172 பறிமுதலாயின. ஆகஸ்டில் அவற்றுக்குத் தடை ஆணை வந்தது. விற்பனைக்கும் விநியோகத்துக்கும் 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது 20,000 ரிங்கிட் வரை அபராதம் என்றும், அணிவதும் தண்டனைக்குரியது என்றும் அறிவிக்கப்பட்டது. பறிமுதல் நடந்தபோது தடை ஆணை இல்லை என்பதால் கடிகாரங்களைத் திருப்பித் தர 2024 நவம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது.

வளைகுடா நாடுகளில் தண்டனை எவ்வளவு?

குவைத்திலும் கத்தாரிலும் 7 ஆண்டுகள் வரை சிறை. சவுதி அரேபியாவில் மரண தண்டனை வரை விதிக்க இடமுண்டு. இராக் 2024 ஏப்ரலில் 10 முதல் 15 ஆண்டுகள் வரை சிறை விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியாவில் குற்றம் அல்ல என்ற வாதம் அந்நாட்டு நீதிமன்றங்களில் எடுபடாது. எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டின் சட்டமே பொருந்தும்.

இலங்கையில் நிலை என்ன?

1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் உள்ளன. இவற்றைத் திருத்த நாடாளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் மசோதா அரசமைப்புக்கு முரணானது அல்ல என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. மசோதா சட்டமாகவில்லை.

வெளிநாட்டில் இந்தக் குற்றச்சாட்டில் ஓர் இந்தியர் கைதானால், இந்தியத் தூதரகத்துடன் பேச உரிமை உண்டா?

உண்டு. கைதானவருக்கு இந்த உரிமையைத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும், அவர் கேட்டால் தூதரகத்துக்குத் தகவல் தர வேண்டும் என்று 1963 உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவு கூறுகிறது. குற்றச்சாட்டு எதுவாக இருந்தாலும் இது பொருந்தும். பாகிஸ்தானில் கைதான இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் அந்நாடு இதே பிரிவை மீறியதாக 2019 ஜூலை 17-இல் சர்வதேச நீதிமன்றம் 15-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கை வென்ற நாடு என்ற முறையில், தன் குடிமகன் எந்தக் குற்றச்சாட்டில் கைதானாலும் இந்த உரிமையைக் கேட்டுப் பெற வேண்டிய பொறுப்பு இந்தியாவுக்கு உண்டு.

தூதரகம் விடுவித்துவிடுமா?

விடுவிக்க முடியாது, நீதிமன்றத்தில் தலையிடவும் முடியாது. சிறையில் சந்திப்பது, வழக்கறிஞர் பட்டியல் தருவது, கைதானவர் சம்மதித்தால் குடும்பத்துக்குத் தெரிவிப்பது ஆகியவை அதன் பணிகள். வழக்குச் செலவுக்கு வழியில்லாதவருக்கு, தகுதியைப் பொறுத்து, 2009-இல் தொடங்கப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவி கோரலாம். சம்மதமின்றிக் குற்றச்சாட்டின் தன்மையை ஊருக்குச் சொல்லக் கூடாது என்பதில் தூதரகமும், விசாரிக்கச் செல்லும் முகவர்களும் உறுதியாக இருக்க வேண்டும். தகவல் வெளியே கசிந்தால் விடுதலையான பின்னும் அவரால் வீடு திரும்ப முடியாமல் போகலாம்.

அரியமங்கலத்தில் இருக்கும் குடும்பத்தினர் யாரை, எப்படித் தொடர்புகொள்வது?

வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் புகார் பதியலாம். பிரவாசி பாரதிய சகாயதா மையத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-3090. பாஸ்போர்ட் எண், வேலை ஒப்பந்த நகல், கைதான தேதி, காவல் நிலையம் அல்லது சிறையின் பெயர் ஆகிய நான்கும் கையில் இருந்தால் தூதரகம் தேடும் நேரம் குறையும். பயணத்துக்கு முன்பே பாஸ்போர்ட், ஒப்பந்த நகல்களை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துச் செல்வது அவசியம்.